கட்டண வரம்பு சிகிச்சையைக் கெடுக்குமா?

கொள்ளைநோய்க் காலத்தில் தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு கட்டண வரம்பு விதித்தால் படுக்கைகள் குறையும், சிகிச்சையின் தரம் கெடும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. சந்தையை அதன் போக்கில் விட்டால் விலை தானாகப் படியும் என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது, ஆபத்தானதும்கூட.

விலை படிய வேண்டுமானால் வாங்குபவர் நாலு இடம் ஏறி இறங்கி விசாரிக்க முடிய வேண்டும். மூச்சுத் திணறும் தகப்பனை ஆம்புலன்சில் வைத்துக்கொண்டு எந்த மகனும் பேரம் பேசுவதில்லை. படுக்கை கிடைத்தால் போதும் என்று கேட்ட முன்பணத்தைக் கட்டிவிடுகிறார். எந்த மருந்து, எத்தனை நாள், ஐ.சி.யு. தேவையா என்று தீர்மானிப்பதோ பணம் வாங்கும் தரப்பு. மருத்துவம் மற்ற சரக்குகளைப் போன்றதல்ல என்பதைப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே விளக்கிவிட்டார்.

கொரோனா காலத்தில் மாநிலங்கள் தலையிட்டதற்கு இதுவே காரணம். 2020 மே மாதம் மகாராஷ்டிரம் தனியார் படுக்கைகளில் 80 விழுக்காட்டைக் கட்டண வரம்புக்குள் கொண்டுவந்தது. நாளொன்றுக்குச் சாதாரணப் பிரிவுக்கு 4,000 ரூபாய், வென்டிலேட்டருடன் கூடிய ஐ.சி.யு.வுக்கு 9,000 ரூபாய். அடுத்த மாதம் தமிழ்நாடு ஐ.சி.யு.வுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று அறிவித்தது.

இந்த ஆணைகளுக்குப் பிறகும் பில் எகிறியதே என்று கேட்கலாம். எகிறியது உண்மை. ஆனால் எந்த வழியாக என்று பார்க்க வேண்டும். மகாராஷ்டிர ஆணை பி.பி.இ. கவச உடையையும் சில விலையுயர்ந்த மருந்துகளையும் வரம்புக்கு வெளியே விட்டது. ஒரு செவிலியர் ஒரே உடையில் வார்டு முழுவதையும் சுற்றிவருவார். அந்த உடையின் விலையை ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் தனித்தனியே ஏற்ற இந்த ஓட்டை இடம் கொடுத்தது. டெல்லியோ உடையின் விலையையும் சேர்த்தே வரம்பு வகுத்தது. ஓட்டையை அடைப்பதும் பில்களைத் தணிக்கை செய்வதும்தான் இதற்கு மருந்து, ஆணையையே கைவிடுவதல்ல.

2020 நவம்பரில் ராம் கோபால் யாதவ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு, தனியார் மருத்துவமனைகளுக்குத் திட்டவட்டமான வழிகாட்டுதல் இல்லாததால்தான் அளவுக்கு மீறிய கட்டணம் வசூலிக்கப்பட்டது என்றது. நோயாளிகளைச் சூறையாடியது கட்டுப்பாடு இல்லாத நிலைதான்.

அடக்க விலைக்கும் கீழே வரம்பு வைத்தால் சிறிய மருத்துவமனைகள் திணறும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குச் செலவைக் கணக்கிட்டு வரம்பைத் திருத்தலாம், ஏழைகளின் கட்டணத்தை அரசே ஏற்கலாம். 2021 மே 7 அன்று, அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போரின் கொரோனா சிகிச்சைச் செலவைத் தனியார் மருத்துவமனைகளிலும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு ஆணையிட்டது.

கணக்குப் பார்க்க நெருக்கடி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவ நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 2012 விதிகள் கட்டண வரம்பை நிர்ணயிக்கச் சொல்கின்றன. 12 ஆண்டுகள் ஆகியும் அது நடக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கண்டித்தது. அடுத்த கொள்ளைநோய் வருமுன் அந்தக் கட்டண வரம்புப் பட்டியல் எல்லா மருத்துவமனை வாசல்களிலும் தொங்க வேண்டும்.