உடம்படுமெய் தர மறுப்பவர்கள்

வீட்டுக் கணினியின் உறுப்பொன்றை மாற்ற முனைந்து, அது பொருந்தாமல் அல்லற்படுவோர்க்கு நம்மவர் உடனே கூறும் அறிவுரை ஒன்றுண்டு: "பழையதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள், காலத்தோடு ஒட்டி வாழவேண்டாமா?" தமிழாசிரியராயின் நன்னூற் சூத்திரம் ஒன்றையும் துணைக்கு அழைத்துக்கொள்வர். பவணந்தியார் பேசியது மொழி வழக்கைப் பற்றியே அன்றி, வணிகர் விற்கும் சரக்கைப் பற்றியன்று. பொருந்தாமை காலத்தின் கட்டளை என்னும் இக்கருத்தையே நான் மறுக்கின்றேன்.

பொருந்தாமை யாவும் சூழ்ச்சி என்று கூறவந்தேனில்லை. சென்ற ஆண்டு என் கணினிக்கு நினைவகம் கூட்ட எண்ணி, பெட்டியின்மேல் எழுதியிருந்ததைச் சரிவரப் படியாமல் டிடிஆர்5 வகைப் பட்டையை வாங்கிவந்தேன். என் கணினி ஏற்பதோ டிடிஆர்4. இரண்டிற்கும் தொடுமுனைகள் 288தாம். ஆயினும் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருந்தமையால் பட்டை இறங்கவில்லை. பிழை என்னுடையதே. பழையது 1.2 வோல்ட்டில் இயங்குவது, புதியது 1.1 வோல்ட்டில் இயங்குவதோடு, மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் சில்லையும் தன்மீதே தாங்கியது. வெட்டை இடம்மாற்றியவர்கள், தவறாகச் செருகிக் கருக்கிவிடாமல் என்னைக் காத்தார்கள். இதில் குறைகூற ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 1151 முனைகளுக்கான செயலிப் பொருத்தியை வெளியிட்டது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியும் அதே 1151 முனைகளோடு, அதே வடிவில் வந்தது. பழைய தாய்ப்பலகையில் அழகாக அமர்ந்தது, இயங்கத்தான் இல்லை. ஆறு உள்ளகங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் வகையில் பழைய பலகைகள் அமையவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. பின்னர் ஆர்வலர் சிலர் பயாஸ் மென்பொருளைத் திருத்தி, சில முனைகளை மறைத்து, பழைய பலகைகள் சிலவற்றிலேயே அச்செயலிகளை இயக்கிக் காட்டினர். விளக்கம் முழுப் பொய்யன்று என்றே வைத்துக்கொள்வோம். பொருந்தாத பொருளுக்குப் பொருந்தும் வடிவத்தை ஏன் கொடுத்தார்கள்? நினைவகப் பட்டையை வாங்குவோனுக்குக் காட்டிய பரிவைச் செயலியை வாங்குவோனுக்கு ஏன் காட்டவில்லை?

புணர்ச்சி கற்பிக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. 'மணி' என்னும் நிலைமொழியோடு 'அடித்தான்' என்னும் வருமொழி நேரே இயையாது. அதற்காக மணியைத் தூக்கி எறியுமாறு எந்த இலக்கண ஆசிரியரும் கூறினாரில்லை. யகர மெய்யை இடையே நிறுத்தி இரண்டையும் உடம்படுத்தினார். பழைய பலகைக்கும் புதிய செயலிக்கும் இடையே நிற்கவல்ல உடம்படுமெய் பயாஸ்தான். அதை எழுதித் தருவதும் தர மறுப்பதும் உற்பத்தியாளர் விருப்பம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏஎம்டி நிறுவனம், அடுத்து வரவிருந்த தன் செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கமாட்டா என்று அறிவித்தது. பயாஸைச் சேமிக்கும் சில்லில் இடம் போதாதாம்! பயனர்கள் கொதித்தெழுந்தனர். அதே மாதத்திலேயே அறிவிப்பு மாறியது. 2022இல் அவற்றினும் பழைய 300 வரிசைப் பலகைகளுக்கும் கதவு திறந்தது. இயற்கை நியதி எனில் கூச்சலுக்கு இணங்குமோ?

மென்பொருள் நிறுவனங்களும் இவ்வழியினின்று விலகியவையல்ல. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளைச் சில விலக்குகள் நீங்கலாக ஏற்கவில்லை. பாதுகாப்பே காரணம் என்றனர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் விலக்குப் பெற்ற ஏழாம் தலைமுறைச் செயலிகளுள் ஒன்று, மைக்ரோசாப்டின் சொந்தக் கணினியாகிய சர்பேஸ் ஸ்டூடியோ 2இல் அமைந்திருந்தது. இதனை என்னென்பது! விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, என் மாணவி ஒருத்திக்கு அவள் தந்தை பிறர் பயன்படுத்திய கணினியொன்றை 600 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். லாரி ஓட்டிச் சேர்த்த பணம். அக்கணினி இன்றும் பழுதின்றி இயங்குகிறது. கடைக்காரர் ஒருவரோ அதனைச் செத்த கணினி என்று தீர்ப்பளித்துவிட்டார். லினக்ஸ் நிறுவலாம் என்று ஒரு சொல் சொன்னாரில்லை. ஒரு சனிக்கிழமை நாங்களே நிறுவினோம்; யூனிகோடு தமிழ் பிசகின்றித் தெரிகிறது. அச்சுப்பொறிதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அந்தத் தந்தையிடம், காலத்தோடு ஒட்டி வாழுங்கள் என்று கூற எனக்கு நா எழவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல், புதிதாக விற்கப்படும் கைப்பேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றுச் செருகியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. புதுமை குன்றும் என்று எதிர்த்த ஆப்பிள் நிறுவனமும் 2023இலேயே தன் கைப்பேசியில் அச்செருகியை வைத்துவிட்டது. கேட்டால் கிடைக்கிறது. நம் பள்ளிகளுக்குக் கணினி வாங்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விலையை மட்டும் விசாரித்துத் திரும்பலாகாது. எத்தனை ஆண்டுகளுக்குப் பயாஸ் திருத்தம் வரும், எந்தத் தலைமுறைச் செயலி வரை பலகை ஏற்கும் என்பவற்றை எழுத்தில் தருமாறு கேட்கவேண்டும். சென்ற மாதம் ஒரு கடையில் நான் கேட்டேன். இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அங்கிருந்த இளைஞர்.