மூளையை மாற்றும் முன்

தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு. எந்த ஊர்க் கடைக்காரரும் கேட்டுப் பழகிய கேள்விதான்: "கேம் திணறுது. பிராசஸரை மாத்தினா போதுமா, கம்ப்யூட்டரையே மாத்தணுமா?" கேட்பவர் பெரும்பாலும் கல்லூரி மாணவர். பணம் தரப்போகிறவர் அவருக்குப் பின்னால் நிற்கும் அப்பா.

சரியான பதிலைக் கடையில் சொல்ல முடியாது. சோதிக்க வேண்டிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது.

விளையாட்டில் வேலை இரண்டாகப் பிரிகிறது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் போடுவது பிராசஸர். அதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. 144 என்றால் 7 மில்லி விநாடிகூட இல்லை. இருவரில் யார் மெதுவோ, மற்றவர் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பது யார் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்தால் போதும். படங்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறினால், திணறியது கிராபிக்ஸ் கார்டு. புதிய பிராசஸர் வாங்குவது வீண். எண்ணிக்கை அசையாமல் நின்றால் சந்தேகம் பிராசஸர் பக்கம் திரும்புகிறது. அப்போதும் உடனே தண்டித்துவிடக் கூடாது. மே மாத வெயிலில், தூசி அடைத்த விசிறியுடன் சூடேறும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜோடியாக இருக்க வேண்டிய ரேம் ஒற்றையாக இருந்தாலும் இதே திணறல்தான். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், 120 படங்கள் தயாரானாலும் திரையில் விநாடிக்கு 60 முறைதான் காட்சி மாறும்.

எல்லாம் பார்த்தும் குற்றவாளி பிராசஸர்தான் என்றால், அடுத்த கேள்வி மதர்போர்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2019இல் வெளியான ஆறு கோர் ரைஸன் 5 3600 வைத்திருப்பவர், பெரும்பாலான பி450 போர்டுகளில், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியைப் பொருத்தலாம். எட்டு கோர், 32 எம்பி கேஷ் இருந்த இடத்தில் 96 எம்பி. கணக்கு அதிகமுள்ள ஃபிளைட் சிமுலேட்டர் போன்ற விளையாட்டுகளில் இது நன்றாகவே தெரியும். இன்டெல்லின் பத்தாம் தலைமுறைக்காரர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களது சாக்கெட் பதினொன்றாம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அதைத் தாண்ட போர்டையும் மாற்ற வேண்டும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5க்குப் போனால் போர்டுடன் டிடிஆர்5 ரேமும் சேர்ந்துகொள்ளும். செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் 2025இன் இறுதியில் ரேம் விலை எகிறியது. பிராசஸருக்கென்று ஒதுக்கிய பட்ஜெட் அங்கேதான் உடைகிறது.

சிப்பை மட்டும் மாற்றுகிறவருக்கும் கண்டம் உண்டு. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் போர்டே படுத்துவிடலாம். யூபிஎஸ் இல்லாத வீட்டில் இது சூதாட்டம். காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால் ஏஎம்4 பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்தபின், இளஞ்சூட்டிலேயே மெல்லத் திருகி எடுப்பது உத்தமம். 5800எக்ஸ்3டியுடன் கூலர் தரப்படுவதில்லை என்பதால், அந்தச் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு மாலை நேரம் வீட்டில் செலவழிப்பது நல்லது. ஒரு தூரிகையும் ஜோடி ரேமும் போதும் என்று தெரிந்துவிட்டால், மிச்சமாகும் பணம் அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு உதவும். அப்பா கடை வரை வரவேண்டியதும் இல்லை.