மணிக்கட்டில் கருவி இருந்தால் போதுமா?

ஊருக்கு வரும் புலம்பெயர்ந்த பிள்ளைகள் முதிய பெற்றோருக்குக் கொண்டுவரும் பொருட்களுள், இதயத் துடிப்பையும் நடையையும் இரவுபகலாகக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரமும் இப்போது சேர்ந்துவிட்டது. நல்லெண்ணத்தில் தரப்படும் பரிசுதான். ஆயினும், அது தரும் தகவலைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று நாம் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

1940களில் அமெரிக்கரான நோர்மன் ஹோல்ட்டர் இதயத்தை நெடுநேரம் கண்காணிக்க உருவாக்கிய முதற்கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடை ஏறத்தாழ 38 கிலோ. இன்றைய கடிகாரமோ தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, துடிப்புக்குத் துடிப்பு மாறும் குருதியோட்டத்தைத் திரும்பிவரும் ஒளியிலிருந்து கணிக்கிறது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயைக் காட்டிக்கொடுப்பதே இதன் பெரும்பயன். பலருக்கு இந்நோய் எந்த அறிகுறியும் தருவதில்லை. ஆனால் இதயத்தில் உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் ஏற்படும். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. உரிய மருந்தினால் அதைப் பெருமளவு தடுக்கலாம்.

எனினும், கடிகாரத்தின் எச்சரிக்கையை நோய்நிர்ணயமாகக் கொள்ளலாகாது. 2019இல் வெளியான அப்பிள் நிறுவன ஆய்வில் 4 இலட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். எச்சரிக்கை பெற்றபின் இ.சி.ஜி. பட்டி அணிந்து சோதிக்கப்பட்டோரில் 34 சதவீதத்தினரிடமே அந்நோய் பதிவாயிற்று. விட்டுவிட்டு வரும் நோயாதலால் எஞ்சியோருக்கு இல்லையென்றும் கூறிவிட முடியாது. முடிவு சொல்ல வைத்தியர் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, வட மாகாணத்தில் 50 வயதைக் கடந்தோரிடையே இந்நோயை வீடு வீடாகத் தேடும் ஆய்வை முன்னெடுத்தது. கருவியோடு பயிற்சி பெற்ற மனிதரும் வீட்டுப் படலைக்கு வரும் அந்த முறையே நமக்குப் பொருந்துவது.

நெடுந்தீவில் ஒரு தாயின் மணிக்கட்டில் எழும் எச்சரிக்கை, ரொறன்ரோவிலுள்ள மகனின் கைத்தொலைபேசியை நொடியில் எட்டிவிடும். அந்தத் தாய் குறிகட்டுவானுக்கு வரப் படகு வேண்டும். நள்ளிரவில் மகன் பதறுவதால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே கடிகாரம் வாங்கித் தருவோர், பெற்றோரை ஒருமுறை உள்ளூர் வைத்தியரிடம் அழைத்துச்சென்று, எச்சரிக்கை வந்தால் செய்யவேண்டியதைக் கேட்டு எழுதிவைக்கட்டும். புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்கள் சுகாதாரத் திணைக்களத்துடன் கலந்துபேசி, பிரதேச வைத்தியசாலைகளுக்குக் கையடக்க இ.சி.ஜி. கருவிகளையும் அவற்றைக் கையாளும் பயிற்சியையும் வழங்க முன்வரட்டும். பிள்ளைகள் அருகில் இல்லாத முதியோர் மலிந்த இம்மண்ணில், அவர்கள் அனுப்பும் பணம் செலவாகவேண்டிய இடம் இது.