மலை இறங்கிய செம்மண்ணுக்குச் சட்டம் வைத்த பெயர்

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டினால் ஏற்காடு அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் முதல் வளைவு வருவதற்குள் செல்போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். அடிவாரத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் மேலே போகிறவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். சனி, ஞாயிறு எவ்வளவு கூட்டம், கோடை விழாவுக்கு எத்தனை வண்டி என்று. மலையிலிருந்து கீழே இறங்கிப் போனவற்றின் கணக்கை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

அப்படி இறங்கிப் போனவற்றில் ஒன்று பாக்சைட். பார்வைக்குச் சாதாரணச் செம்மண், செங்கல். உருக்கினால் அலுமினியம்.

1965-ல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் மால்கோ என்றால்தான் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அலுமினியத்துக்கு மண்ணோடு மின்சாரமும் நிறைய வேண்டும். மேட்டூரில் அணை மின்நிலையம் இருந்தது. மண்ணுக்குச் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இருந்தன. மலை உச்சியில் வெட்டிய பாக்சைட் கீழே வந்து மேட்டூர் போய்ச் சேர்ந்தது. 1995-ல் ஆலை ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு மாறியது. 2008 நவம்பரில் அலுமினிய உற்பத்தி நின்றது.

ஆலை நின்றுவிட்டது. ஆனால் அத்தனை ஆண்டுகள் உற்பத்தி நடந்தபோது சேர்ந்த கழிவு எங்கும் போய்விடவில்லை.

பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடா கரைசலில் போடுவார்கள். அலுமினா அதில் கரைந்து பிரிந்துவிடும். கரையாமல் அடியில் தங்குவது இரும்பு ஆக்சைடும் மற்ற தாதுக்களும், கூடவே கழுவியும் முழுசாகப் போகாத காஸ்டிக் சோடாவும். ரத்தச் சிவப்பில், கூழ் மாதிரி இருக்கும். ஆலை வட்டாரத்தில் இதை ரெட் மட் என்பார்கள், தமிழில் செஞ்சேறு.

ஒரு டன் அலுமினா எடுத்தால் 1 முதல் 1.5 டன் வரை செஞ்சேறு மிஞ்சும். ஒரு டன் அலுமினியத்துக்கு சுமார் 2 டன் அலுமினா தேவை. வீட்டில் ஒரு கிலோ எடையில் இட்லிக் குண்டான் இருந்து, அது பழைய பாத்திரத்தை உருக்கிச் செய்ததாக இல்லாவிட்டால், அதன் பங்குக்கு இரண்டு மூன்று கிலோ செஞ்சேறு ஏதோ ஒரு ஊரில் குளமாகத் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சேற்றின் காரத்தன்மை பி.ஹெச். அளவில் 10 முதல் 13 வரை போகும். நல்ல தண்ணீருக்கு அந்த அளவு 7-ஐ ஒட்டி இருக்கும். செஞ்சேறு ஈரமாக இருக்கும்போது தோலில் பட்டால் புண்ணாக்கும், காய்ந்தால் தூசியாகப் பறக்கும். சரியான அடித்தளம் போடாத குளத்தில் தேக்கினால் நிலத்தடி நீரில் இறங்கும்.

இவ்வளவையும் படித்தவர்கள் இது அபாயகரமான கழிவு என்றுதான் நினைப்பார்கள். சட்டப்படி இல்லை.

போபால் விஷவாயு விபத்து நடந்தது 1984-ல். அதன் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989-ல் அபாயகரமான கழிவுகளுக்கென்று முதல் விதிகள் வந்தன. 2008-ல் அவை புதிதாக எழுதப்பட்டன, 2016-ல் மறுபடியும். இந்த 2016 விதிகளின் முதல் அட்டவணை எந்தெந்தத் தொழிலில் வரும் எந்தெந்தக் கழிவு அபாயகரமானது என்று நீளமாகப் பட்டியல் போடுகிறது. அதில் ஒரு குறிப்பு உண்டு. அளவில் மிக அதிகமாகவும் பாதிப்பில் குறைவாகவும் உள்ள கழிவுகள் இந்த வகையில் சேராது, அவற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியாக வழிகாட்டுதல் தரும் என்கிறது அந்தக் குறிப்பு. அனல்மின் நிலையச் சாம்பல், உர ஆலை ஜிப்சம், சுரங்கக் கழிவு ஆகியவற்றோடு செஞ்சேறும் அந்த வரிசையில் இருக்கிறது.

இதற்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு. லட்சக்கணக்கான டன் வருகிற பொருளை அபாயக் கழிவு நிரப்பு நிலத்துக்கு ஏற்றிக்கொண்டு போக முடியாது, நாட்டில் அவ்வளவு இடமும் கிடையாது. செஞ்சேற்றில் இரும்பு இருப்பதால் சிமென்ட் ஆலைகள் ஓரளவு வாங்கிக்கொள்ளும். அபாயக் கழிவு என்று முத்திரை குத்திவிட்டால் அதற்கும் ஆள் வராது. எனவே விதியை எழுதியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு திட்டிவிட முடியாது.

ஆனால் பாதிப்பு குறைவு என்ற சொல்லுக்கு 2010-ல் ஒரு சோதனை வந்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் அய்க்கா நகருக்குப் பக்கத்தில் ஓர் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குளம் ஒரு மூலையில் உடைந்தது. கொலொன்டார், டெவெச்சர் என்ற இரண்டு ஊர்களுக்குள் ஆள் உயரத்துக்குச் சிவப்பு அலை புகுந்தது. 10 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம், அதில் பலருக்குக் காஸ்டிக் சோடா சுட்ட புண். பக்கத்தில் ஓடிய மார்க்கல் ஆற்றில் மீன்கள் செத்து ஒதுங்கின, சில நாளில் சேறு டான்யூப் நதி வரை போனது. அப்போது அந்த ஆலை நிர்வாகம் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியத்தின் தரப்படி செஞ்சேறு அபாயகரமான கழிவு அல்ல என்பதுதான்.

இந்தியாவிலும் 2019 ஏப்ரல் 9 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் முரியில் அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குவியல் சரிந்து பக்கத்து நிலங்களில் பரவியது.

சரி, அபாயக் கழிவு என்று பெயர் வைத்தால் என்ன கிடைக்கும்? கண்காணிப்பு கிடைக்கும். குறைந்தது காகிதத்திலாவது.

அந்தப் பெயர் வாங்கிய கழிவை ஆலை தன் வளாகத்தில் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வெளியே ஏற்றினால் மேனிஃபெஸ்ட் என்ற சீட்டு 7 பிரதிகள் போட வேண்டும். அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், வாங்கியவர், வாரியம் என்று ஒவ்வொருவர் கைக்கும் ஒன்று போகும். கிளம்பிய 10 டன் அப்படியே 10 டன்னாகப் போய்ச் சேர்ந்ததா என்று பிறகு ஒத்துப் பார்க்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் 30-க்குள், எவ்வளவு கழிவு வந்தது, எங்கே போனது என்று ஆலை மாநில வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். வாரியம் மாநிலம் முழுவதற்கும் கணக்கைத் தொகுத்து செப்டம்பர் 30-க்குள் மத்திய வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

செஞ்சேறு இந்த ஏழு பிரதிக்குள் வராது. அதற்காகக் கேட்பாரே இல்லை என்று ஆகிவிடாது. 1974-ம் ஆண்டு தண்ணீர் சட்டமும் 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டமும் இருக்கின்றன. அவற்றின்படி மாநில வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை ஓட முடியாது. குளத்துக்கு என்ன அடித்தளம், தூசிக்கு என்ன ஏற்பாடு என்று அதில் நிபந்தனை போடலாம். மீறினால் மூடச் சொல்லலாம், மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லலாம். இந்த அதிகாரம் 1982-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. ஊராட்சி தொழில் உரிமம் தரும், தீர்மானம் போடும், மனு அனுப்பும். குளத்திலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து ஆலையை நிறுத்துகிற இடத்தில் அது இல்லை. கழிவு கிடப்பது ஊராட்சி எல்லையில், முடிவு எடுப்பது வேறு ஊரில் இருக்கும் அலுவலகத்தில்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓடுகிற ஆலை இசைவாணையைப் புதுப்பிக்க வர வேண்டும், அந்தச் சாக்கில் அதிகாரிகள் நாலு கேள்வி கேட்பார்கள். நின்றுபோன ஆலைக்கு அந்தச் சாக்கும் குறைந்துவிடும். சேற்றின் காரம் மட்டும் ஆலை மூடிய தேதியில் நின்றுவிடாது.

பெயர் சரியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அதற்கு இன்னொரு மலையிலிருந்து பதில் வருகிறது.

கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய ஆலையின் இயந்திரங்களை 1980-களில் இங்கே கொண்டுவந்து நிறுவினார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கழிவுக்கு 1989 விதிகளிலேயே தனி வகை உண்டு. செஞ்சேற்றுக்குச் சொல்கிற மாதிரி பாதிப்பு குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரியமும் இருந்தது, இசைவாணையும் இருந்தது.

2001 மார்ச் 7 அன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடி. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றத்தினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும். எந்த ஆய்வு அறிக்கையிலும் அது சிக்கவில்லை. சீட்டில் வர வேண்டிய சரக்கு, சீட்டே இல்லாமல் தராசுக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசம் கலந்த கழிவு சுமார் 290 டன், கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இந்தியாவிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போவது அபூர்வம். முன்னாள் தொழிலாளர்களின் போராட்டம் மேலும் நீண்டது. 2016 மார்ச்சில் 591 பேருக்காக நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்கிற விஷயம் அதற்குப் பிறகும் முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருந்தால் போதும் என்று வாரியம் ஒப்புக்கொண்ட அளவு மலைக்காட்டுக்கு ரொம்பத் தாராளம் என்று உள்ளூர்க்காரர்கள் வாதாடினார்கள். அந்த ஆலை இருக்கும் சரிவிலிருந்து தண்ணீர் பாம்பார் சோலை வழியாக இறங்குகிறது. அதன் அடிவாரத்தில் இருப்பது பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளிக்கப் போகிற இடம்.

சட்டத்தில் கடுமையான பெயர் வாங்கிய கழிவையும் கடைசியில் கண்டுபிடித்தது கடைத்தெருவில் நடந்து போனவர்களின் கண்தான். அப்படியிருக்க, சட்டமே மென்மையான பெயர் கொடுத்த செஞ்சேற்றுக்கு ஊர்க்காரர்களின் கண் எவ்வளவு தேவைப்படும்? மாநில வாரியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் இருக்கிற எல்லா ஆலைகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொறியாளர்களை வைத்துக்கொண்டு, ஆலைகள் தாங்களே எழுதிக் கொடுக்கிற கணக்கை நம்பித்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். அந்தக் கணக்கை ஊரில் இருப்பவர்களும் பார்க்க முடிந்தால்தான் பொய் இருந்தால் பிடிபடும்.

பார்க்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2003 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அபாயகரமான கழிவுகள் பற்றிய வழக்கில் போட்ட உத்தரவு அது. இப்படிப்பட்ட ஆலைகள் தங்கள் பிரதான வாயிலுக்கு வெளியே பெரிய தகவல் பலகை வைக்க வேண்டும். உள்ளே என்னென்ன அபாயகரமான ரசாயனம் எவ்வளவு பயன்படுகிறது, தண்ணீரிலும் காற்றிலும் எவ்வளவு வெளியேறுகிறது, எவ்வளவு திடக்கழிவு உருவாகிறது என்று அதில் எழுத வேண்டும். சேலம், மேட்டூர், கருப்பூர் பக்கம் தினமும் ஆலை வாசல்களைக் கடந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பலகையில் எண்களுக்குரிய கட்டங்கள் காலியாக இருந்தாலோ, எழுத்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தாலோ, ஒரு போட்டோ எடுத்து மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பலாம். ஆலை கொடுத்த ஆண்டுக் கணக்கின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் கட்டிக் கேட்கலாம், கிராம சபையில் வைத்துப் படிக்கலாம்.

படிக்கும்போது ஒன்று கவனம். செஞ்சேற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் அபாயகரமான கழிவு என்ற தலைப்பின் கீழ் தேடினால் கிடைக்காது. திடக்கழிவு என்று எழுதியிருக்கிற வரியில் தேட வேண்டும்.