மொழிப் பயிற்சி: ‘மிக’வும் ‘மிகை’யும்

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ, பள்ளியில் ஆங்கிலமுமாக மும்மொழியிடையே வளர்கின்றனர். அது பெருமைக்குரியதே. ஆயினும் ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் அளவுகோலால் அளக்கும்போது பிழை நேர்கிறது. இத்திங்கள் அவ்வாறு பிழைபடும் சிறு சொல் ஒன்றை ஆராய்வோம். அது ‘டூ’ என்னும் ஆங்கில வினையடை.

‘வெரி’ என்று எழுதவேண்டிய இடத்திலெல்லாம் ‘டூ’ என்று எழுதும் வழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், விண்ணப்பம் ஒன்றில் ‘ஐ ஆம் டூ க்வாலிஃபைட் ஃபார் திஸ் போஸ்ட்’ என்று ஓர் இளைஞன் எழுதினால் என்னாகும்? ‘இப்பதவிக்குரிய தகுதி எனக்கு நிரம்ப உண்டு’ என்பது அவன் கருத்து. ‘இப்பதவி என் தகுதிக்குத் தாழ்ந்தது’ என்பதே படிப்பவர் கொள்ளும் பொருள். வேலை கேட்கச் சென்றவன் வேலையை இகழ்ந்தவனாகிவிடுகிறான்.

இவ்வேறுபாட்டை உணரத் தமிழே நமக்குத் துணை. ‘மிக’ என்பது வேறு. ‘மிகை’ என்பது வேறு. முன்னது பெருக்கத்தைக் குறிக்கும். பின்னது அளவு கடந்ததைக் குறிக்கும். ‘வெரி’ என்பது மிக. ‘டூ’ என்பது மிகை. பேச்சில் நாம் ‘ரொம்பச் சூடு’ என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். குழப்பத்திற்கு அதுவே வித்து. உறு, தவ, நனி ஆகியவை மிகுதிப்பொருள் தருவன என்று தொல்காப்பியர் உரியியலில் வகுத்துள்ளார். மிகுதிக்கே இத்தனை சொல் படைத்த மொழியினர் மிகுதியையும் மிகையையும் மயக்கலாகாது.

பள்ளித் தேர்வுகளில் ‘டூ’ என்பதை நீக்கி வாக்கியத்தை மாற்றி எழுதுக என்னும் வினா நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணநூலிலும் இப்பயிற்சி உண்டு. அதன் வழி இதுவே:

‘தி டீ இஸ் டூ ஹாட் ஃபார் மீ டு டிரிங்க்’ என்பது ‘தி டீ இஸ் ஸோ ஹாட் தட் ஐ கேனாட் டிரிங்க் இட்’ என்றாகும். ‘டூ’ இருந்த இடத்தில் ‘ஸோ’ வருகிறது. அதைத் தொடர்ந்து ‘தட்’ வருகிறது. மறைந்திருந்த எதிர்மறை வெளிப்படுகிறது. இறுதியிலுள்ள ‘இட்’ என்பதை விட்டுவிடலாகாது. பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் அங்கேதான். முதல் வாக்கியம் இறந்தகாலமாயின் ‘கேனாட்’ என்பது ‘குட் நாட்’ ஆகும்.

‘ஹி ஸ்பீக்ஸ் டூ ஃபாஸ்ட்’ என்பதுபோல் ‘டு’ தொடராமல் வரின், ‘ஹி ஸ்பீக்ஸ் ஃபாஸ்டர் தான் ஹி ஷுட்’ என்று, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு எழுதலாம். வாக்கிய இறுதியில் ‘கூட’ என்னும் பொருளில் வரும் ‘டூ’ வேறு. அதற்கு இம்மாற்றம் பொருந்தாது.

ஆங்கிலம் அறியாத தாய்மார், ‘இப்பாடத்தில் நமக்கென்ன வேலை’ என்று ஒதுங்கவேண்டுவதில்லை. பிள்ளை ஒரு வாக்கியத்தைப் படித்ததும், அதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பின்னர், ‘அளவு கடந்ததால் எது முடியாமற் போயிற்று?’ என்று கேளுங்கள். ‘குடிக்க முடியவில்லை’, ‘நடக்க முடியவில்லை’ என்று விடை வருமாயின் ‘டூ’ சரியே. விடை வராவிடின் அங்கே ‘வெரி’யே இருத்தல் வேண்டும். இக்கேள்வியைத் தமிழில் கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆங்கிலப் பாடத்திற்குத் தமிழ் தடை என்று எண்ணி, வீட்டிலும் தமிழை விலக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

பிள்ளைகளுக்கு இத்திங்கட் பயிற்சி, மாற்றி எழுதுக:

1. தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ஃபார் ஹெர் டு லிஃப்ட்.
2. ஹி வாஸ் டூ டயர்ட் டு வாக்.
3. யூ டிரைவ் டூ ஃபாஸ்ட்.