தொடாமல் இசைக்கும் கருவியும் தொட்டுக் கற்கும் கல்வியும்

விழாக்காலத்திலே பழைய மாணவர் ஒன்றுகூடும்போது கட்டடங்களைப் பற்றிய பேச்சே முதலிடம் பெறுவது வழக்கம். மண்டபம் எழுப்புவோமா, வாயில் வளைவு கட்டுவோமா, நினைவுக்கல் பதிப்போமா என்று அன்பர் பலர் அக்கறையோடு ஆலோசிக்கின்றனர். அவ்வெண்ணங்களைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், நமது கல்லூரியிலே கற்ற பௌதிகத்தைச் சுமந்துகொண்டு ஊவா மலைக்கு ஏறி, அப்புத்தளைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையோடு, இம்மலரிலே ஒரு சிறு மரப்பெட்டியைப் பற்றி எழுத விழைகின்றேன். விழா நிதியின் ஒரு சிறு பங்கை அத்தகைய பெட்டிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெட்டியின் பெயர் தெரமின். அது ஓர் இசைக்கருவி. தந்தி இல்லை, துளை இல்லை, தோலும் இல்லை. இசைப்பவர் அதனைத் தொடுவதுமில்லை. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கோல் ஒன்றன் அருகே கையைக் கொண்டுசென்றால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். முழுமையாக அமைந்த கருவியிலே பக்கவாட்டில் ஒரு வளையமும் உண்டு. மற்றக் கையை அதன்மீது உயர்த்தியும் தாழ்த்தியும் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். முதன்முறை காண்போர் இதனைச் செப்பிடுவித்தை என்றே எண்ணுவர்.

இதனைக் கண்டவர் 1896 இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் பிறந்த லியோன் தெரமின். செலோ வாத்தியம் பயின்றவராகிய அவர், 1920 அளவில் ஓர் ஆய்வுகூடத்திலே வாயுக்களின் மின்னியல்பை அளக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். தமது கை கருவியை அணுகும்போதெல்லாம் அதன் ஓசை மாறுவதைக் கண்டார். வேறொருவராயின் அதனைக் கருவியின் பிழை என்று கருதித் திருத்தியிருப்பார். அவரோ அந்தப் பிழையையே இசையாக்கினார். 1922 இல் லெனின் முன்னிலையிலே அதனை இசைத்துக் காட்டினார். 1928 இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றார். கிளாரா றொக்மோர் என்னும் அம்மையார் வயலின் மேதைகளுக்கு நிகராக அதனைக் கையாண்டு உலகை வியக்கவைத்தார்.

இன்னுமொருவரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1934 இற் பிறந்த றொபேட் மூக் என்னும் அமெரிக்கர், பாடசாலைப் பருவத்திலேயே தெரமின் செய்யத் தொடங்கினார். 1954 இல், இருபது வயது நிரம்புமுன்னரே, தாம் அமைத்த கருவியைப் பற்றி ஒரு வானொலிச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதினார். பின்னர் திரான்சிற்றர் பொருத்திய தெரமின் உறுப்புகளைப் பொதிகளாக்கி விற்றார். 1964 இல் அவர் உருவாக்கத் தொடங்கிய மின்னணு இசைக்கருவியே இன்றைய திரையிசை வரை உலக இசையின் போக்கை மாற்றியது. அவருடைய முதற் பாடநூல் இந்த மரப்பெட்டியே என்று சொல்லலாம்.

‘உருசியரும் அமெரிக்கரும் செய்தவை நமக்கு எதற்கு?’ என்பார்க்கு நம் நாட்டு வரலாற்றையே காட்டுவேன். 1923 இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிறு அறையொன்றிலிருந்து எட்வேட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். அதற்கு வேண்டிய கருவி கடையில் வாங்கப்பட்டதன்று. முதல் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு தந்திப் பொறியியலாளர் அதனை அமைத்தனர். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஆசியாவெங்கும் புகழ்பெற்ற இலங்கை வானொலியின் வேர், பிறர் கழித்த பொருளைப் பிரித்துப் பார்த்த கைகளிலேயே உண்டு.

இனி அப்புத்தளைக்கு வருவோம். முன்னொரு காலத்திலே நான் கற்பித்த பாடசாலை ஒன்றில் ஆய்வுகூட அலுமாரி ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே பளபளக்கும் கல்வனோமானி, பரிசைக் கவைகள், கம்பிச் சுருள்கள், வெளியே பூட்டு. கல்வி அதிகாரிகள் வரும் நாளில் மாத்திரம் அது திறக்கும். “சேர், அந்த ஊசி உண்மையில் அசையுமா?” என்று ஒரு மாணவன் ஒருநாள் கேட்டான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகன் அவன். கல்வனோமானியின் படத்தைப் பிழையின்றி வரைந்து, பகுதிகளுக்குப் பெயரிட்டு, முழுப்புள்ளி பெறக்கூடியவன். ஆனால் ஊசி அசைவதை அவன் கண்டதில்லை. அக்கேள்வி என்னை நாணச்செய்தது. திறப்பைக் கேட்டுப் போராடும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை. அதனால் பூட்டில்லாத பொருள்களைத் தேடினேன்.

லயன் வீடுகளிலே பழைய திரான்சிற்றர் வானொலிகள் கிடந்தன. ஒரு காலத்திலே குடும்பத்தின் பெருஞ்செல்வமாக இருந்தவை, கைத்தொலைபேசி வந்தபின் தூசு படிந்து மூலையிற் கிடந்தன. ‘மூன்று வானொலி கொண்டு வாருங்கள், ஒரு வாத்தியம் செய்வோம்’ என்றேன். ஒன்பது வந்தன. அவற்றுள் நான்கு உயிரோடிருந்தன.

செய்முறை எளிது. இத்தகைய வானொலி ஒவ்வொன்றினுள்ளும் ஓர் அலைவாக்கி உண்டு. மத்திய அலையில் நாம் முள்ளை எங்கே நிறுத்துகின்றோமோ, அதனிலும் 455 கிலோஹேட்ஸ் கூடிய மீடிறனிலே அது அலைந்துகொண்டிருக்கும். எனவே, முதலாவது வானொலியை 1500 இல், நிலையம் எதுவும் கேளாத இடத்தில், நிறுத்தவேண்டும். மற்றிரண்டையும் 1045 அளவில் நிறுத்தி, அவற்றின் ஒலியை முற்றாகக் குறைத்துவிடவேண்டும். அவற்றின் அலைவாக்கிகள் இரண்டும் 1500 ஐ அடைந்துவிடும். முதலாவது வானொலி அவ்விரண்டையும் ஒருங்கே ஏற்று, அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் சீழ்க்கையாக ஒலிக்கும். மூன்றாவது வானொலியின் மாறுங் கொள்ளளவியிலே அலைவாக்கிக்குரிய முனையில் ஒரு முழ நீளக் கம்பியைப் பற்றவைத்தால் தெரமின் ஆயத்தம். எந்த முனை என்று தெரியாவிடின் கம்பி நுனியால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கலாம். சீழ்க்கை பாய்ந்து மாறும் முனையே நமக்கு வேண்டியது. மின்கலத்தில் இயங்கும் பெட்டிகளையே பயன்படுத்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பழைய பெட்டிகளை மாணவர் திறக்கலாகாது.

கை எவ்வாறு சுருதியை மாற்றுகின்றது? நம் உடல் மின்னைக் கடத்துவது. நாம் நிற்பதோ நிலத்தின்மேல். கையும் கம்பியும் எதிரெதிரே நிற்க, இடையிலே காற்று நிற்க, ஒரு சிறு கொள்ளளவி உண்டாகிவிடுகின்றது. கை நெருங்க அதன் கொள்ளளவம் கூடும். அலைவாக்கியின் மீடிறன் குறையும். மொத்தக் கொள்ளளவம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், மீடிறன் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறையும். 1500 கிலோஹேட்ஸில் அது 750 ஹேட்ஸ். செவிக்குச் சிறிதும் எட்டாத இரண்டு அலைகளிலிருந்து, செவிக்கு நன்கு எட்டும் ஓர் ஒலி பிறந்துவிடுகின்றது. நிலைமின்னியல் என்றும், அலையிலே அடிப்பு என்றும், இலத்திரனியல் என்றும் க.பொ.த. உயர்தரப் பாடத்திட்டத்தில் மூன்று வேறு அலகுகளாகக் கிடப்பவை, ஒரு பிள்ளையின் உள்ளங்கையிலே ஒன்றாகிவிடுகின்றன.

எங்கள் முதற் கருவி இனிமையாகப் பாடிற்றென்று சொல்லமாட்டேன். முதலில் ஊளையிட்டது. பின்னர் வேறொரு விந்தை நிகழ்ந்தது. ஒலி கேட்டதும் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் மேசையைச் சூழ்ந்தனர். உடனே சுருதி எங்கோ பாய்ந்து மறைந்தது. எல்லோரையும் நான்கடி பின்னே நிற்கச் சொன்னேன், மீண்டும் வந்தது. வேடிக்கை பார்க்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுற்றிலே பங்காளி என்பதை அவர்கள் அன்று தாமே கண்டுகொண்டனர். தெற்குச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி யன்னல் வழியே புகுந்த மாலைகளிலே கருவி தானாகவே சுருதி விலகியது. ‘ஈரமும் குளிரும்’ என்று ஒரு மாணவி காரணம் சொன்னாள். அடுத்த நாள் வெயிலேறியபின் இசைத்துப் பார்த்து அதனை உறுதிப்படுத்தவும் செய்தாள். தாழ்ந்த சுரங்கள் திடீரென அற்றுப்போவதை இன்னொருவன் கவனித்தான். மிக நெருங்கிய மீடிறனுள்ள இரண்டு அலைவாக்கிகள் ஒன்றையொன்று இழுத்து ஒரே மீடிறனில் ஒட்டிக்கொள்ளும் இயல்பு அது. பெட்டிகளைச் சற்றுத் தள்ளிவைத்தபோது குறை தணிந்தது. எந்த வினாத்தாளும் இவ்வாறு ஒரு பிள்ளையைக் காரணம் தேடவைத்ததை நான் கண்டதில்லை.

இசையறிவுடைய அன்பர்க்கு ஒரு வார்த்தை. இக்கருவியிலே மெட்டுகள் இல்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கியே செல்லவேண்டும். மேலைநாட்டார் இதனைக் குறை என்பர். கமகத்தை உயிராகக் கொண்ட நம் இசைக்கு இது இயல்பாகவே பொருந்தும் குணம் அன்றோ? கோட்டுவாத்தியம் கேட்ட செவிக்கு இது அந்நியமன்று. ஆனால் கைக்கு ஆதாரம் எதுவும் இல்லாமையால், சுருதி சுத்தத்தைச் செவி ஒன்றே காக்கவேண்டும். சங்கீத ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் ஒரே மேசையின் இருபுறத்தில் அமரக்கூடிய பாடம் பாடசாலையிலே வேறு எது உண்டு?

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறியாதவன் அல்லேன். ‘இது விளையாட்டு, பரீட்சைக்கு வராது’ என்பது முதலாவது. தெரமின் வினாத்தாளில் வராது என்பது உண்மை. ஆனால் அதன் உறுப்பு ஒவ்வொன்றும் வரும். தொட்டுப் பார்த்தவன் அதனை மறப்பதில்லை. ‘கைத்தொலைபேசியிலே இதே ஓசையைத் தரும் செயலி உண்டே’ என்பது இரண்டாவது. செயலி ஓசையைத் தரும், பிழையைத் தராது. பிழையைத் தேடித் திருத்துவதே இங்கு கல்வி. மூன்றாவது மறுப்பே கனமானது: ‘விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைகள் பல இருக்க, ஆசிரியர் இன்றி வகுப்புகள் கிடக்க, வாத்தியம் ஒரு கேடா?’ என்பது. நியாயமான கேள்வி. தெரமின் ஆசிரியரைத் தராது, கட்டடத்தைத் தராது. ஆயினும், விஞ்ஞானம் தனக்குரியதன்று என்று பதினைந்து வயதிலேயே முடிவுசெய்துவிடும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆசிரியர் வரும் நாளிலே மாணவர் எஞ்சியிருக்கவேண்டுமே!

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னவில் லிப்டன் 1890 இல் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலை இன்றும் நிற்கின்றது. அத்தகைய தொழிற்சாலைகளிலே கொழுந்தை உருட்டும் பொறியையும் உலர்த்தும் அடுப்பையும் தலைமுறை தலைமுறையாக இயக்கியவர் நம் மக்கள். பொறியின் ஓசை மாறினாலே கோளாறு எங்கேயென்று சொல்லக்கூடிய செவி அவர்களுக்கு உண்டு. ஆனால் பொறியை இயக்க மாத்திரமே அவர்கள் பழக்கப்பட்டனர், ஆக்கப் பழக்கப்படவில்லை. அந்தச் செவியும் அந்தக் கையும் குறைந்தவை அல்ல. அவற்றின் முன்னே நாம் திறந்துவைத்த அலுமாரிகள்தாம் குறைவு.

எனவே விழாக் குழுவினர்க்கு என் விண்ணப்பம் இது. கல்லூரியில் ஓர் அறையை, வேண்டாம், ஓர் அறையின் ஒரு மேசையை, பூட்டில்லாத வேலைமேசையாக ஆக்குங்கள். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் கிடக்கும் பழுதான வானொலி ஒன்றை அனுப்புங்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப்பின் புதிய உறுப்புகளின் விலை நாம் அறிந்ததே. பழையவை நமக்கு இலவசம். ஈயம் பற்றவைக்கும் கோல்கள் சில, மின்கலங்கள் சில, அளவைமானி ஒன்று என்பவற்றுக்கே பணம் வேண்டும். கல்லூரி மாணவர் அங்கே முதலில் மூன்று வானொலித் தெரமினைச் செய்யட்டும். அடுத்து அவற்றையே பிரித்தெடுத்து, தாமே சுருள் சுற்றி அலைவாக்கிகளை அமைக்கட்டும். அதன்பின் ஆண்டுக்கொருமுறை பதுளைப் புகையிரதத்திலே ஏறி ஊவாவுக்கு வரட்டும். கற்றுக்கொடுக்கும் பெருமிதத்தோடு அன்று. எங்கள் பிள்ளைகளோடு ஒரே பெட்டியைக் குனிந்து பார்க்கும் தோழமையோடு வரட்டும். மூடுபனியில் ஏன் சுருதி விலகும் என்பதை எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

ஊசி அசையுமா என்று கேட்ட அந்த மாணவனுக்கு அன்று நான் விடையளிக்கவில்லை. அவன் பாடசாலையை விட்டுச் சென்றபின்னரே எங்கள் முதற் பெட்டி ஒலித்தது. அவனைப்போன்றார் இன்னும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கின்றனர். நம் விழா அவர்களுக்கு ஒரு திறப்பைக் கொடுக்குமாயின், அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறு வேண்டுமோ?