சுழி பார்த்து வாங்குதல்

மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் விலையை முதலிற் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழியைத் தேடுவான், நாலடி நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பான். விலைப்பேச்சு அதன் பின்னரே. பழம் பொருள்களை விரும்பிச் சேர்ப்போருக்கும் இவ்வழக்கமே முதற் பாடமாகும். நாணயமும் முத்திரையும் ஓலைச்சுவடியும் சேர்ப்போர் நம்மிடையே உளர். மேல்நாடுகளிலோ, முன்னாளிற் படைவீரர் ஏந்திய கைத்துப்பாக்கிகளைச் சேர்ப்போரும் பலர். நாணயத்தில் ஏமாந்தவன் பணத்தை இழப்பான். துப்பாக்கியில் ஏமாந்தவன் கையையே இழக்க நேரலாம். ஆதலின், நமக்கு அந்நியமான இப்பொழுதுபோக்கிலும் நாம் கற்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதனை ஒரு துப்பாக்கியின் வரலாற்றைக் கொண்டே சொல்லலாம்.

பிரித்தானியப் படையினருக்கு 1887ஆம் ஆண்டு முதலாக வெப்லி என்னும் சுழல் கைத்துப்பாக்கிகள் வழங்கப்பட்டு வந்தன. பேமிங்காம் நகரிலே செய்யப்பட்ட இவற்றின் ஆறாம் வகை, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆறங்குல நீளக் குழல். ஆறு தோட்டாக்கள் அடங்கும் உருளை. இரண்டரை இறாத்தலுக்குக் கிட்டிய நிறை. பக்கத்திலுள்ள பூட்டைப் பெருவிரலால் தள்ளிக் குழலை முன்னே கவிழ்த்தால், வெடித்த ஆறு தோட்டாக் கூடுகளும் ஒருங்கே வெளியே எறியப்படும். அதன் ரவை 0.455 அங்குலப் பருமனும் 17 கிராம் நிறையும் உடையது. வேகமோ ஒலியின் வேகத்திற் பாதியைச் சற்றே கடந்தது. சுருங்கச் சொன்னால், கனத்த ரவையை மெதுவாகத் தள்ளும் கருவி அது. அந்த மெதுவான தள்ளலுக்கு ஏற்ற அளவிலேயே அதன் உருளையின் இரும்பும் கனமாக்கப்பட்டிருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இத்துப்பாக்கிகள் படைக்கு வேண்டாதனவாகி, பெருந்தொகையாக அமெரிக்கச் சந்தையை அடைந்தன. அங்கே ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. துப்பாக்கி மலிவு, அதற்குரிய தோட்டா அரிது. அமெரிக்கப் படையினரின் 0.45 அங்குலத் தோட்டாவோ எங்கும் கிடைத்தது. வணிகர்கள் ஓர் உபாயஞ் செய்தனர். உருளையின் பின்முகத்தைச் சிறிது சீவி, பிறை வடிவான மெல்லிய தகட்டிற் கோத்த அமெரிக்கத் தோட்டாக்கள் அதனுட் செல்லுமாறு ஆக்கினர். தோட்டா பொருந்தியது; துப்பாக்கியும் விற்பனையாயிற்று.

பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. வெப்லியின் உரிய தோட்டா வெடிக்கும்போது உருளையினுள்ளே எழும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல். அமெரிக்கத் தோட்டாவின் அமுக்கமோ 21,000 இறாத்தல் வரை செல்லக்கூடியது. அதாவது, ஒன்றரை மடங்குக்கும் மேல். சீவப்பட்ட துப்பாக்கி முதல் வெடியிலே பிளந்துவிட்டால் எல்லோரும் எச்சரிக்கை அடைந்திருப்பர். அது அவ்வாறு பிளப்பதில்லை. ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சிறிதாகத் தளர்ந்து, எதிர்பாராத ஒரு நாளிற் கைவிட்டுவிடும். நேற்றுவரை ஒன்றும் நேரவில்லை என்னும் நம்பிக்கையே இங்கு மிகப் பெரிய ஆபத்து.

இப்போது அமெரிக்கர் ஒருவர் தமது முதலாவது பழந்துப்பாக்கியாக ஒரு வெப்லியை வாங்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டைக் கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்போருக்கென அந்நாட்டு மத்திய அரசு தனியான அனுமதிப்பத்திரம் ஒன்றை வழங்குகிறது. அதனைப் பெற்றவர், வாங்கியதையும் விற்றதையும் ஏட்டிற் பதிந்து வைத்தல் கட்டாயம். அறிவுள்ளவராயின் அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் அதனைத் திறந்து, உருளை வெறுமையாக உள்ளதா எனப் பார்ப்பார். பின்பு இலக்கங்களைப் படிப்பார். சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் ஒரே இலக்கம் இருந்தால் மூன்றும் ஒன்றாகப் பிறந்தவை. வேறுபட்டால் ஏதோ ஓர் உறுப்பு இடையிலே மாற்றப்பட்டுள்ளது. அரசுடைமையைக் குறிக்கும் அம்பு முத்திரை உண்டா என்று தேடுவார். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்த நின்றால், படையிலிருந்து முறைப்படி விற்று நீக்கப்பட்டது என்று பொருள். குழலினுள்ளே ஒளியைச் செலுத்தி, துருவின் குழிகள் உளவா என நோக்குவார். கடைசியாக உருளையின் பின்முகத்தை ஆராய்வார். அங்கே வழக்கத்துக்கு மிஞ்சிய இடைவெளி இருந்து, உரிய தோட்டா தளர்ந்து ஆடுமாயின், அது சீவப்பட்டது என்பது வெளிப்படை. விற்பவர் சொல்லாததை இரும்பு சொல்லிவிடும்.

சீவப்படாத துப்பாக்கி கிடைத்து, தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவரும் அதனைச் சோதித்து உடன்பட்டால், அவர் உரிய தோட்டாவுடன் சுடுதளத்துக்குச் செல்லலாம். கண்ணுக்குக் கண்ணாடி, செவிக்கு அடைப்பு. நூறாண்டு கடந்த விசையை அழுத்தும்போது, கனத்த துப்பாக்கியாதலால், அது கையைச் சுளீரென உதைப்பதில்லை; மெல்லத் தள்ளும். சுட்டு முடிந்ததும் திறந்தால் ஆறு கூடுகளும் ஒருங்கே குதிக்கும். அவற்றைப் பார்க்கும் மனிதருக்கு மகிழ்ச்சி உண்டாதல் இயல்பே. ஆயினும் ஒரு கேள்வியும் உண்டாதல் வேண்டும். சேற்று அகழியிலே நின்று இதனை ஏந்தியவர் யார்? அவர் வீடு திரும்பினாரா? இலக்கம் இருக்கிறது, அம்பு முத்திரை இருக்கிறது, ஆனால் அம்மனிதரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதே துப்பாக்கி பிறந்த நாட்டிலே நிலைமை வேறு. 1996ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி, ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையிற் புகுந்த ஒருவன், அனுமதியோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகளால் 16 சிறுவர்களையும் அவர்களின் ஆசிரியையையும் கொன்றான். வகுப்பறையிலே நாள்தோறும் நிற்கும் என் போன்றோர் இச்செய்தியை வெறும் செய்தியாக வாசித்தல் இயலாது. அடுத்த ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. ஆயினும் அச்சட்டம் வரலாற்றை மறந்துவிடவில்லை. 1919க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளுட் சிலவற்றை, உரிய அனுமதியுடன், சேகரிப்பின் ஒரு பகுதியாக வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் தோட்டா வைத்திருத்தல் ஆகாது. வரலாற்றுச் சிறப்புடைய துப்பாக்கியைச் சுட விரும்பினால், பிஸ்லி போன்ற குறித்த இடங்களிலேயே அதனை வைத்து, அங்கேயே சுடல் வேண்டும். பொருளும் நெருப்பும் ஒரே வீட்டிற் குடியிருத்தல் கூடாது என்பதே அதன் கருத்து.

இவ்விரு நாட்டு வழிகளுள் எது சரி என்று வாதிடுவோர் அங்கே பலர் உளர். நமது நிலையோ வேறு. இப்பக்கத்தை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்குத் துப்பாக்கி என்பது கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கும் பழம் பொருளன்று. 2009இல் முடிவுற்ற போரிலே உற்றாரை இழந்தோர் நம்மிடையே எத்தனையோ பேர். வெடியோசையைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்த தலைமுறையில் யானும் ஒருவன். ஆதலால் என் மனம் பிரித்தானியரின் ஏற்பாட்டின் பக்கமே சாய்கின்றது. வைத்திருங்கள்; படியுங்கள்; தோட்டாவை மட்டும் வீட்டிற் சேர்க்காதிருங்கள். சுட்டுப் பார்த்தலால் அத்துப்பாக்கி எவ்வாறு உதைக்கும் என்பதை அறியலாம். அது எங்கே சென்றது, எவருக்குரியதாயிருந்தது, எப்போது விற்கப்பட்டது என்பவற்றை அதன் முத்திரைகளே சொல்லும்.

சீவப்பட்ட உருளையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதனைச் சீவியவர் தீய எண்ணத்தோடு செய்தவரல்லர். விற்கும் அவசரம் ஒன்றே அவருக்கிருந்தது. அந்த அவசரத்திலே துப்பாக்கியின் பாதுகாப்பும் போயிற்று. சேகரிப்போரிடையே அதற்கிருந்த மதிப்பும் குறைந்தது. நம் வீடுகளிலும் பாட்டனார் விட்டுச்சென்ற கைக்கடிகாரமும், எழுத்துப் பொறித்த குத்துவிளக்கும், ஓலைக்கட்டும் இருக்கலாம். அவற்றைத் திருத்தவும் தேய்க்கவும் கை நீட்டும் முன்னர், அவற்றில் எழுதியிருப்பதை ஒரு முறை படித்துவிடுங்கள். தேய்த்தழித்த எழுத்தைத் திரும்பப் பொறிக்க எவராலும் இயலாது.